கால் இஞ்சு

எங்கள் பக்கத்தில் இழு என்று சொல்வதில்லை.
வலி என்றுதான் சொல்வோம்.
வலையை வலி, கயிற்றை வலி, பீடியை வலி.
ரெஜினாள் ஆற்றூர் சந்திப்பில் இறங்கி
என் கடைக்கு வந்தபோது
வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.
"வலிச்சா வலிக்கு" என்றாள்.
எது எந்த வலி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆட்டோவிலிருந்து பம்பை இறக்கினோம்.
ஐந்தரைக் குதிரை. டேங்கில் வாழைக்கறை,
சைலன்சரில் செம்மண்.
சானல் அடைத்து மூன்று வாரம்.
குளத்து வெள்ளத்தை மேட்டுக்கு ஏற்றணும்,
அறுநூறு மூடு ஏத்தன், குலை தள்ளும் சமயம்.
பாதிக் கயிறு வந்ததும்
உள்ளே யாரோ பிடித்துத் திருப்பி வலிக்கிறார்களாம்.

பிளக்கை மாற்றியாயிற்று.
கார்புரேட்டரை மூன்று முறை கழுவியாயிற்று.
பெட்ரோலில் வெள்ளம் என்று ஒருவன் சொன்னான்.
பெண்ணுக்கு எதற்கு இந்த வேலை என்று இன்னொருவன்.

நான் நாலு போல்ட்டைக் கழற்றினேன்.

மூடிக்கடியில் இரண்டு வால்வு.
ஒன்று காற்றை உள்ளே விடும்,
ஒன்று புகையை வெளியே தள்ளும்.
பிஸ்டன் ஏறிக் காற்றை நெருக்குகையில்
இரண்டும் இறுக மூடணும், இல்லையேல் வெடிக்காது.
ஆனால் முழுசாய் மூடிக்கொண்டால்
மனுசக் கை அதைத் தாண்டாது.
அதனால் கேம் ஷாஃப்டைச் செய்தவன்
ஒரு களவு வைத்திருக்கிறான்:
புகை வால்வின் கேமில்
அரிசி நுனி அளவுக்கு ஒரு புடைப்பு.
கயிறு வலிக்கும்போது மட்டும் தலை நீட்டும்.
வால்வை மயிரிழை தூக்கும்.
கொஞ்சம் காற்று நழுவும்,
கை கடந்துபோகும்.
என்ஜின் பிடித்துச் சுற்றின வேகத்தில்
குட்டி எடைக்கட்டி விலக
புடைப்பு உள்ளே ஒடுங்கிவிடும்,
பந்தி முடியுமுன் போய்விட்ட சமையற்காரன் மாதிரி.

ஃபீலர் தகட்டை விட்டேன்.
இருபது நுழைய வேண்டிய இடத்தில்
நாற்பத்தைந்து நுழைந்தது, உரசாமல்.
இவ்வளவு இடைவெளி இருந்தால்
புடைப்பு எழுந்து எழுந்து
வெறுமையைத் தூக்கிக்கொண்டிருக்கும்.

தேய்மானம் என்றுதான் நினைத்தேன்.
எண்ணெய் மாற்றாதவர்களின் கேமை
நிறையப் பார்த்தவன் நான்.
முதலில் பளபளப்பு போகும், பிறகு குழி,
பிறகு மூக்கு மழுங்கி
வால்வு அரைக்கண்ணால்தான் விழிக்கும்.
ராக்கர் ஏறியிறங்கும் உயரத்தை அளந்தேன்.
குறைவில்லை.
எண்ணெயை வடித்தேன். தேன் நிறம்,
இரும்புத்தூள் ஒரு பொடிகூட இல்லை.
ராக்கர் நட்டில் பச்சைப் பெயின்ட் பொட்டு.

பச்சைப் பொட்டு நான் வைப்பது.

போன கார்த்திகை. அடைமழை,
கரண்டில்லாத சாயங்காலம்,
வாசலில் ஏழு பம்பு வரிசை.
பிஸ்டன் உச்சியைத் தொட்டு
கால் இஞ்சு கீழே இறங்கின பிறகுதான்
வால்வு வைக்கணும்.
உச்சிக்கு முன்பே நிறுத்தியிருக்கிறேன்.
புடைப்பு அந்நேரம் வால்வைத் தூக்கிப் பிடித்திருக்கிறது.
திறந்ததை மூடியதென்று நம்பி
இருபது வைத்து, நட்டை இறுக்கி,
பொட்டும் வைத்தேன்.
மழை முடியும்வரை சாய்ப்பில் கிடந்ததை
தையில் எடுத்தவள்
அன்று முதல் என் அவசரத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறாள்.

சொல்லாமல் விட்டிருக்கலாம்.
தேய்ந்துபோச்சு என்றால் யாரும் நம்புவார்கள்,
எந்தப் பழியையும் வாங்கிக்கொள்ளும் சொல் அது.
சொன்னேன்.

ரெஜினாள் சாயாக் கிளாசைக் கீழே வைத்தாள்.
"எக்ஸ்ரேக்கு நானூத்தம்பது" என்றாள்.
கொஞ்சம் கழித்து,
"இண்ணைக்குக் கூலி கிடையாது, கேட்டியா."
கேட்டேன்.

உச்சி. கால் இஞ்சு.
நம்பாமல் இன்னொரு சுற்று: உச்சி, கால் இஞ்சு.
தகடு லேசாய்ப் பிடித்து வழுக்கியது.
மூடியை மாட்டிக் கயிற்றைத் தொடப் போனேன்.
"நீ வலிக்காண்டாம்."

இடது கையால் வலித்தாள்.
முதல் வலியிலேயே பிடித்துக்கொண்டது.
வெள்ளமில்லாமல் ஓடினால் சீல் கருகும்,
அணை, அணை என்று கத்தினேன்.
தலையைச் சாய்த்து
வால்வு டிக்டிக்கென்று பேசுவதைக் கேட்டுவிட்டுத்தான்
அணைத்தாள்.

துணியை அவிழ்த்தாள்.
வலது கையால் மறுபடி வலித்தாள்,
சும்மா,
வலிக்கிறதா என்று பார்க்க.